பிரெஞ்சுப் படமும் என் மாமியாரின் அண்ணனும்

வெளிநாட்டுப் படம் பார்த்துத் தங்கள் வாழ்க்கையே மாறிப்போயிற்று என்று டீவியில் உட்கார்ந்து கதை விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும்தான் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்திருக்கிறேன். ஒன்றே ஒன்று. அதுவும் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தேன். என் வாழ்க்கை ஒரு மயிரளவுகூட மாறவில்லை. மாறியது என் மாமியாருக்குத்தான். அந்த அம்மாளுக்கு அந்தப் படத்தின் பெயர்கூடத் தெரியாது.

எண்பதுகளின் கடைசி அது. என்னைப் பூந்தமல்லியிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனாரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஃபாக்டரியில் வேலை. எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு மைதானம், மைதானத்தின் மூலையில் மனமகிழ் மன்றம் என்று ஒரு கட்டடம். மகிழ்ச்சியெல்லாம் பெயரோடு சரி. உள்ளே ஒரு கேரம் போர்டும், அதைச் சுற்றி ஓயாத ஒரு சண்டையும் இருக்கும். மாதம் ஒருமுறை மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி இழுத்துக் கட்டிப் படம் போடுவார்கள். பெரும்பாலும் சாமி படம்தான். ஓட்டி ஓட்டி, சாமிக்கே வசனம் மறந்துபோயிருக்கும்.

மன்றத்துச் செயலாளருக்கு அந்த மார்கழியில் திடீரென்று ஒரு ரசனை பிறந்தது. மெட்ராஸில் எங்கேயோ வெளிநாட்டுப் படங்களை ஓசியில் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் வந்து இறங்கினார். மன்றத்துக் கரும்பலகையில், 'ஞாயிறு மாலை பிரெஞ்சுப் படம்' என்று எழுதிப் போட்டார். அவர் எழுதியது அவ்வளவுதான். மிச்சத்தை ஆம்பளைகள் அவரவர் மண்டைக்குள் எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் என்னிடம் ரொம்பக் கரிசனமாகக் கேட்டார். "உங்கம்மாவ பாத்து நாளாச்சில்ல? ஞாயித்துக்கெழம போய்ட்டு திங்கக்கெழம வாயேன். பாவம், உன் ஞாபகமாவே இருப்பாங்க."

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்பதே அந்த மனுஷனுக்கு நினைவு வந்ததில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் குழாயடியில் விசாரித்தால் எல்லா வீட்டிலும் இதே கதை. ஒருத்தியைத் தாம்பரம் போ என்கிறான், ஒருத்தியைத் திருத்தணி போ என்கிறான். பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடி இது அக்குறும்பு? எல்லா ஆம்பளைக்கும் ஒரே நாள்ல மாமியாக்காரி மேல பாசம் பொத்துகினு வருது?" கரும்பலகையை நாங்களும் படித்திருந்தோம். ஒருத்திகூட நகரவில்லை.

சினிமா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரே ஆள் எங்கள் குவார்ட்டர்ஸில் என் மாமியார்தான். ஞாயிற்றுக்கிழமை டீவியில் படம் ஆரம்பித்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். ரேடியோவில் பாட்டு வந்தால் அணைத்துவிடுவார். கேட்டால், "கண்ட கருமம். அத்த பாத்துதான் ஊரே நாசமா போவுது" என்பார். நான் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், என் தலையை எங்கே கொண்டு போய் முட்டிக்கொள்வது.

அவருக்கு இன்னொரு வைராக்கியமும் இருந்தது. செம்பரம்பாக்கத்தில் ஏரிக்கரை ஓரமாகக் குத்தகை நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்த கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஏழெட்டு வருஷமாக. காரணத்தை நான் வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் அம்மா செத்தபோது அந்த அண்ணன் இவருக்காகக் காத்திருக்கவில்லை. ரேஷன் கடைக்குப் போன இடத்தில் இவருக்கு நேரமாகிவிட்டதாம், சேதி தெரிந்து ஓடினால் அதற்குள் எடுத்துவிட்டார்களாம். "பெத்தவ மொகத்த பாக்க உடலடி எங்கண்ணன். கழுவி உட்ட வாசல்தான் பாத்தேன். மஞ்சத் தண்ணி கூட காயல." அன்றைக்கு அந்த வாசலிலேயே நின்று, இனி இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு செம்பரம்பாக்கம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சொல்லும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்து நானும் அந்த அண்ணனை மனசாரத் திட்டினேன்.

இதில் இப்போது மாட்டிக்கொண்டு முழித்தது என் நாத்தனார். அவளுக்குத் தை மாதம் கல்யாணம். வேப்பம்பட்டு மாப்பிள்ளை, நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. பூ வைத்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா சபையிலேயே கேட்டுவிட்டார். "பொண்ணுக்கு பட்டம் கட்ட தாய்மாமன் யாரு? இங்க ஒருத்தரையும் காணமே." மணையில் உட்காருவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் வெள்ளிப் பட்டம் கட்ட வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் விட முடியாத முறை. என் மாமியார் கொஞ்சமும் யோசிக்காமல், "அவருக்கு ஒடம்பு சரியில்ல" என்றார். அந்த அம்மாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. "கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமில்ல? மாமன் பட்டம் கட்டாத பொண்ண எங்க ஊட்டுக்குக் கூட்டிகினு போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. எதுனா வில்லங்கம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று முடித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. அண்ணனை அழைக்கலாம் என்று மாமனார் வாயைத் திறந்தால், "செத்துட்டார்னு சொல்லிடுங்க" என்பார் மாமியார். உயிரோடு நாற்று நட்டுக்கொண்டிருக்கிற மனுஷனை! நாத்தனார் என்னிடம் வந்து அழுவாள். "அண்ணி, எங்கம்மா வீம்புல என் கல்யாணம் நின்னுடும் போல கீது." அவள் கண்ணைத் துடைத்துவிடுவேன். ஆனால் புதிதாக வந்த மருமகள் நான் என்ன பேசுவது?

கடைசியில் என் மாமனார் ஒரு யோசனை செய்தார். அவர் யோசனை செய்தால் எங்களுக்கெல்லாம் பயம். படத்துக்கு மைக்கில் தமிழில் கதை சொல்லப்போகிறவர் எங்கள் வரிசையிலேயே இருந்த பாண்டிச்சேரிக்காரர். ஸ்டோர்ஸில் வேலை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம், அதனால் பிரெஞ்சு தன் ரத்தத்திலேயே ஓடுகிறது என்பார். ரத்தத்தில் ஓடியது வாய்க்கு வந்து நான் கேட்டது 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். படம் கொடுத்த இடத்தில் செயலாளருக்குக் கதையை மொத்தமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். செயலாளர் இவருக்குச் சொன்னார். இவர் பிரெஞ்சு கற்றது அப்படித்தான்.

அந்தக் கதை அண்ணன் தங்கை பகையாம். அது மாமனார் காதுக்கு வந்திருக்கிறது. பாண்டிச்சேரிக்காரரைப் பின்கட்டுக்கு அழைத்து வந்து ரகசியம் பேசினார். ஃபாக்டரியில் பிரஸ் மிஷின் பக்கத்திலேயே காலம் தள்ளியவர்களுக்கு ரகசியம் பேச வராது. அவர் கிசுகிசுத்தால் மூன்றாவது வரிசையில் கேட்கும். "எங்கூட்டுக்காரி இங்கதான் ஒக்காந்துகினு இருப்பா. மைக்கு சத்தம் நல்லா கேக்கும். கடைசில தங்கச்சி அண்ணன மன்னிச்சிட்டான்னு சொல்லிடு, இன்னா? நல்லா உருக்கமா சொல்லு."

"ஆனா அண்ணே, படத்துல அப்படி இல்லியே."

"படத்துல எப்டி இருந்தா இன்னாய்யா? பிரெஞ்சு யாருக்குத் தெரியும்?"

நல்ல வேளையாக மாமியார் அப்போது மாவு மில்லுக்குப் போயிருந்தார். நான் உள்ளே நின்று சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பொங்கலுக்குக்கூடப் பார்த்ததில்லை. கோவில்பதாகையிலிருந்தெல்லாம் சைக்கிளில் வந்திருந்தார்கள். பனிக்காகக் கட்டுவது மாதிரி மஃப்ளரை மூக்கு வரை கட்டியிருந்தார்கள். சூப்பர்வைசர் கண்ணில் படக் கூடாதே! சூப்பர்வைசரும் மஃப்ளர் கட்டிக்கொண்டு முதல் வரிசையிலேயே இருந்தார். பெண்கள் நாங்கள் கூட்டமாகப் போய் ஒரு பக்கம் உட்கார்ந்ததும் மைதானத்தின் முகமே கொஞ்சம் தொங்கிப்போயிற்று.

எனக்கு அங்கே ரொம்ப நேரம் உட்கார வாய்க்கவில்லை. மாமியார் தனியாக இருக்கிறார், கூட இரு என்று மாமனார் அனுப்பிவிட்டார். எங்கள் பின்கட்டு திரையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. மெல்லிய துணி, அதனால் படம் இந்தப் பக்கமும் தெரியும், இடம் வலம் மாறித் தெரியும். ஆளுக்கொரு முறம் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தோம். மாமியார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "நான் சினிமாக்கு வரல. எங்கூட்டு பின்னாடி நான் ஒக்காந்துகினு கீறேன். அவ்ளோதான்" என்று யாரும் கேட்காமலே அறிவித்தார்.

படம் ஆரம்பித்தது. மழை. சேறு. கறுப்பு உடை போட்ட ஜனங்கள். ஒரு மாடு. அந்த மாடு கன்று போடுகிற வரைக்கும் காமிரா அசையவே இல்லை. பாண்டிச்சேரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் சொன்னார். "இப்போது நீங்கள் காண்பது ஒரு மாடு."

"அது எங்களுக்கே தெரியுதுய்யா!" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

"இரு மாமே, அவசரப்படாத. இனிமேதான் கீது" என்று இன்னொருவன் நம்பிக்கை கொடுத்தான். பாவம், அந்த நம்பிக்கையோடுதான் அத்தனை பேரும் பனியில் உட்கார்ந்திருந்தார்கள். மாடு போய் மறுபடி மழை வந்தது. மழை போய்த் தூரத்தில் ஒருவன் நடந்து வந்தான். நடந்து வந்துகொண்டே இருந்தான். அவன் கிட்டே வருவதற்குள் பாதிப் பேர் பீடி பற்றவைத்துவிட்டார்கள்.

கதை இதுதான். எதிரெதிர் வீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணனிடம் முட்டுகிற காளை ஒன்று இருக்கிறது. முட்டும் என்று சொல்லாமலே அதைத் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறான். அது தங்கை புருஷனைக் குத்திக் கொன்றுவிடுகிறது. அன்றிலிருந்து அவள் அண்ணனோடு பேசுவதில்லை. தினமும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து புருஷனுடைய துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைக்கிறாள். துடைத்துவிட்டு மாட்டிவைக்கிறாள். அவளுக்குத் தலை நரைக்கிறது, அண்ணனுக்குக் கூன் விழுகிறது, துப்பாக்கி மட்டும் பளபளவென்று இருக்கிறது.

காளை முட்டிய இடத்தில்தான் மாமியார் முதல் தடவை திரும்பினார். கூட்டம் கத்தியதால் திரும்பினாரோ என்னவோ. பிறகு முறத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, எனக்குத் தெரியாமலே முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"அவன்தான் அண்ணங்காரனா?"

"ஆமா அத்தே."

"மூஞ்சிய பாரு. எந்த ஊரா இருந்தா இன்னா, அண்ணனுங்களுக்கு ஒரே மூஞ்சிதான்." கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டி, எல்லாரும் பீச்சாங்கையாலயே துன்றானுங்க?"

"நாம பின்னாடிலேர்ந்து பாக்கறோம் அத்தே. அதான் கை மாறித் தெரியுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பீச்சாங்கையால துன்ற குடும்பம். பின்ன எப்டி உருப்படும்?" அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பிரான்ஸ் தேசத்தின் மொத்தக் கதையையும் அவர் அந்த ஒரு வரியில் முடித்துவிட்டார்.

கடைசிக் கட்டம் வந்தது. பனி கொட்டுகிற ராத்திரி. அண்ணன் கிழவனாகிவிட்டான், இருமல் வேறு. தங்கை வீட்டுக் கதவை வந்து தட்டுகிறான். உள்ளே அவளுக்குக் கேட்கிறது. துப்பாக்கியைக் கையில் எடுக்கிறாள். மைதானமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவள் துப்பாக்கியை மறுபடி ஆணியில் மாட்டினாள். விளக்கை ஊதி அணைத்தாள். போய்க் கதவின் உள்தாழ்ப்பாளை மெதுவாகத் தள்ளிப் போட்டாள்.

அப்போது மைக்கில் பாண்டிச்சேரிக்காரர் குரல் தழுதழுக்கச் சொன்னார். "பாசமலராகிய அந்தத் தங்கை, தன் அண்ணனை மன்னித்துவிட்டாள்!"

மைதானம் கொதித்துவிட்டது. "யோவ்! தாப்பா போடுறா, மன்னிச்சிட்டான்னு சொல்ற?" "வெளிய குளுர்ல வெறச்சிகினு கீறான்யா!" பாண்டிச்சேரிக்காரர் விடவில்லை. "மனசுக்குள் மன்னித்துவிட்டாள்" என்றார். திரையில் விடிந்தது. அவள் கதவைத் திறந்தாள். வாசலில் அண்ணன் பனி மூடி உட்கார்ந்தபடியே செத்திருந்தான். "தூங்குகிறான்" என்றார் பாண்டிச்சேரிக்காரர். அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. மைக்கை யாரோ பிடுங்கிவிட்டார்கள்.

அவள் உள்ளே போய் மேஜையில் இரண்டு கிண்ணம் வைத்தாள். இரண்டிலும் கஞ்சி மாதிரி எதையோ ஊற்றினாள். ஒன்றின் முன்னால் உட்கார்ந்து தனியாகக் குடித்தாள். அதோடு படம் முடிந்தது. "அப்ப எதுக்குய்யா படம் பூரா அந்தத் துப்பாக்கிய தொடச்சிகினே இருந்தா?" என்று ஒருவன் ஆற்றாமையோடு கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நியாயமான கேள்வி. செயலாளரைத் தேடினார்கள், அவர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்.

என் மாமியார் வெறும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டாவது கிண்ணம் யாருக்குடி?"

"அண்ணனுக்குத்தான் இருக்கும் அத்தே."

மாமியார் பொறுக்கிய கல்லையும் அரிசியையும் ஒன்றாகவே பானையில் கொட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் வந்து, "ஏமாத்திட்டானுங்க" என்று செருப்பை உதறினார். "ஏன், மாடு நல்லாத்தானே நடிச்சிது?" என்றேன். சோற்றில் கல் கடித்தபோதும் அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமியார் என்னை எழுப்பினார். குளித்து, தலை வாரி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்திருந்தார். "கெளம்பு. செம்பரம்பாக்கம் போவலாம்." மாமனார் தன் யோசனை பலித்துவிட்டது என்று வாயெல்லாம் பல்லாக நின்றார். மாமியார் அவரைப் பார்த்து, "உங்க பாண்டிச்சேரிக்காரருகிட்ட சொல்லுங்க, எனக்குக் கண்ணு நல்லா தெரியும்னு" என்றார். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்டியாவது மாமாவ வரவைங்க அண்ணி" என்றாள்.

பூந்தமல்லியில் பஸ் மாறி இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தோம். மார்கழி வெயில்தான், ஆனாலும் நாக்கு வறண்டுவிட்டது. அண்ணன் வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவிதான் ஓடி வந்து, பாய் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

என் மாமியார் சொம்பைக் கையால் நகர்த்தினார். "வேணாம் அண்ணி. தாகம் இல்ல."

சத்தியத்தை ஞாபகம் வைத்திருக்கிறாராம்! அழைக்க வந்த இடத்தில்! எனக்கு வந்த ஆத்திரத்தில் நானாவது அந்தச் சொம்பை வாங்கிக் குடித்திருப்பேன். மாமியார் கண்ணாலேயே என்னை அடக்கினார். அண்ணன் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. பத்திரிக வைக்க மட்டும் வந்துகீறா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "யம்மா, நீ மருமவளா? உன் மாமியா இன்னா சொல்லிகீறா உனக்கு? நான் காத்திருக்காம எடுத்துட்டேன்னா? எங்கம்மாவுக்கு மூச்சு இழுக்கும்போதே ஆள் அனுப்ச்சேன். உங்கூடு பூட்டிகினு கீது. அவன் வாசல்லயே நின்னு நின்னு பாத்துட்டு வந்துட்டான். பக்கத்து ஊட்டுல கேட்டா, சினிமாக்குப் போயிக்கீதுன்றாங்க. மேட்னி. பெத்தவ இங்க இவ பேரச் சொல்லிகினே போய்ச் சேந்தா. பொழுது சாயற வரைக்கும் வச்சிகினு இருந்தேன். அதுக்கு மேல ஊரு ஒத்துக்கல."

நான் மாமியாரைப் பார்த்தேன். ரேஷன் கடை, நேரமாகிவிட்டது, எல்லாம் போயிற்று. அவர் தரையைப் பார்த்தபடி தாம்பாளத்தை அண்ணன் முன்னால் நகர்த்தி வைத்தார். அண்ணன் ரொம்ப நேரம் கழித்துத்தான் அதை எடுத்தார். "வர்றேன். பட்டம் கட்றேன். பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சி?"

பஸ்ஸில் மாமியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். பூந்தமல்லி வந்தபோது, நான் கேட்காமலே, "ஆமா, சினிமாக்குத்தான் போனேன்" என்றார். டீவியை விட்டு எழுந்து போனது, ரேடியோவை அணைத்தது எல்லாவற்றுக்கும் எனக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அண்ணன் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்த மேட்னியை நினைக்காமல் இருக்கலாம் இல்லையா? அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கல்யாணத்தன்று அண்ணன் வந்தார் பாருங்கள், அது வருகை! வேனில் ஆட்கள், மேளம், வரிசைத் தட்டு, பட்டுப் புடவை. நான் வாயைப் பிளந்துவிட்டேன். நாத்தனார் நெற்றியில் வெள்ளிப் பட்டத்தைக் கட்டினார். அவள் காலில் விழுந்து எழுந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. வேப்பம்பட்டு அம்மாள் எல்லாரிடமும், "மாமன்னா இப்டி இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போனார். தாலி ஏறியது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வந்த மூச்சு பந்தியில் நின்றது. முதல் பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. அவர் உட்காராமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். இலை போட்டு, எல்லாம் பரிமாறி, பாயசமும் விட்டாயிற்று. மாமனைக் காணோம். தேடிப் போனால், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆட்களும் ஏறிவிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் கேன் கை மாறிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் ஒரு சொட்டு வாயில் படக் கூடாது என்று திட்டம் போட்டே வந்திருக்கிறார் மனுஷன். துப்பாக்கியாம், எண்ணெயாம். இவரிடம் வந்து பாடம் கேட்டிருக்கலாம் அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்.

மாமியார் ஓடி வந்தார். "சாப்புடாம போறியே. எலை போட்டுகீது."

"எனக்குப் பசி இல்ல" என்றார் அண்ணன். "உனக்குத் தாகம் இல்லாத மாதிரிதான்."

மண்டப வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "இன்னாது, மாமன் கை நனைக்காம போறாரு?" என்று வேப்பம்பட்டு அம்மாள் குரல் கேட்டது. கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது என்றால் உறவு அறுந்தது என்று ஊரைக் கூட்டிச் சொல்வது. மாலையும் கழுத்துமாக நாத்தனார் படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது. இந்தப் பேச்சைச் சுமந்துகொண்டுதான் அவள் புகுந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

என் மாமியார் மகளைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அந்தக் கேன குடு" என்றார். யாரும் கொடுக்கவில்லை. அவரே வேனுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பிடுங்கினார். இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்தார். பாதி வாய்க்குள் போயிற்று, பாதி புதுப் பட்டுப் புடவையில் கொட்டியது. மூச்சு முட்ட முட்டக் குடித்துவிட்டுக் கேனைக் கீழே வைத்தார்.

"உங்கூட்டுத் தண்ணி. குடிச்சிட்டேன். எறங்கு."

அண்ணன் அசையவில்லை. அவருடைய மனைவிதான் முதலில் இறங்கினார். "உங்க ரெண்டு பேரு ரோஷத்துல எனக்கு வயிறு காயுது. நான் போய்த் துன்றேன், நீ வண்டியிலயே குந்திகினு இரு" என்று நேரே பந்திக்கு நடந்தார். அதற்கு மேல் அந்த மனுஷன் என்ன செய்வார்? இறங்கி வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். மாமியாரே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றார். ஈரப் புடவை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் சோற்றில் பள்ளம் பறித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"அன்னிக்கி இன்னா படம்?"

மாமியார் படத்தின் பெயரைச் சொன்னார்.

"அதுக்கா போன? அது நல்லாவே இருக்காதே."

"தெரியும்ணா" என்றார் மாமியார். "இண்டர்வல்லயே எழுந்து வந்துடலாம்னுதான் இருந்தேன். டிக்கெட்டு வாங்கிட்டோமேன்னு ஒக்காந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சாம்பாரை ஊற்றினார். அண்ணன் போதும் என்று கை காட்டவில்லை. மாமியாரும் நிறுத்தவில்லை. சாம்பார் பள்ளத்தை நிரப்பி, இலையைத் தாண்டி, அவருடைய புது வேட்டி வரைக்கும் போயிற்று.